நாலு கோடி யார் தலையில்? கால்பந்து அபராதம் குறித்த தூத்துக்குடிக் கொள்கைகள்: ஓர் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்

தமிழ்நாட்டில் கடனைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. பயிர்க்கடன், நகைக்கடன், கல்விக்கடன், மகளிர் குழுக்கடன் என்று எல்லாக் கடனுக்கும் யாராவது ஒருவர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். ஆனால் வாங்காத கடன், கட்டச் சொல்லி யாரும் கேட்காத கடன், கேட்டாலும் கட்ட வக்கில்லாத கடன் என்று மூன்று இலக்கணமும் ஒருசேரப் பொருந்திய கடனை எந்தப் பல்கலைக்கழகமும் சீண்டவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2023ஆம் ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த 4 கோடியைத் தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய ஜப்தி நோட்டீஸாகவே எடுத்துக்கொண்டு, "செல்லாது, கட்ட முடியாது" என்று இன்றுவரை வாதாடும் ஆண்கள் சிலர் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராக, "மரியாதையாகக் கட்டு" என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் அந்த அணியில் ஒரு ரூபாய்ப் பங்கு கிடையாது. இக்கட்டுரை இவர்களைப் பற்றியது.

மூல நிகழ்ச்சி

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரிந்தவர்கள் தாண்ட மாட்டார்கள், நிறுத்தி நிறுத்திப் படித்துச் சண்டைக்கு வருவார்கள் என்பதும் தெரியும்.

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம். 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. பிளாஸ்டர்ஸ் பாக்ஸுக்குச் சற்று வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். அட்ரியன் லூனா பந்துக்குப் பக்கத்தில் நின்றார். கோல் கீப்பர் கில் தன் ஆட்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருந்தார். சுனில் சேத்ரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பந்தை மெதுவாகத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோட்டருகே வந்து, தன் ஆட்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். 20 நிமிடம் பார்த்தார்கள். வரவில்லை. பெங்களூரு 1-0 என்று அறிவித்தார்கள். அந்த சீசனில் ஐ.எஸ்.எல்.லில் வீடியோ நடுவர் கிடையாது என்பதால் மறுபடி பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. அதனால்தான் தூத்துக்குடி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

மார்ச் 31இல் தீர்ப்பு. அணிக்கு 4 கோடி. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். மன்னிப்புக் கேட்காவிட்டால் 10 லட்சம். இதிலிருந்து இவ்வாய்வாளர் செய்த ஒரு கணக்கு: அணியின் மன்னிப்பு 2 கோடி பெறும், பயிற்சியாளரின் மன்னிப்பு 5 லட்சம் பெறும். ஆக, ஒரு நிறுவனம் "தப்புத்தான்" என்று சொல்வது ஒரு மனிதன் "தப்புத்தான்" என்று சொல்வதைப்போல் 40 மடங்கு விலையுடையது. மன்னிப்புக்கு இந்தியாவில் இவ்வளவு துல்லியமாக ரேட் போட்ட ஆவணம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 2ஆம் தேதியே இருவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆய்வுக் களம்

தருவை மைதானத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகள், மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் பிளாண்ட் வாசல், திரேஸ்புரத்தில் வலை பின்னும் இடம், கிரேட் காட்டன் ரோட்டில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்கள் இருக்கும் மாடிப்படிகள். மாடிக்குள் போகவில்லை. உள்ளே வேலை நடக்கும். வாதம் படியில்தான் நடக்கும்.

தூத்துக்குடிக்காரன் எதற்குக் கொச்சி அணிக்காக வாதாட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விடை மீன் லாரியில் இருக்கிறது. இங்கே ஏலம் போகும் மீனில் நல்ல மீனெல்லாம் கேரளாவுக்குப் போகிறது. லாரியோடு ஆளும் போகிறது. போகிறவன் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையோடு திரும்பி வருகிறான். கடற்கரை ஊர்களில் கோவில் திருவிழாவென்றால் கால்பந்துப் போட்டியும் உண்டு என்பதால், பந்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. எதிரணியில் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டைக்காரர்கள். பெங்களூரு அணிக்கு இங்கே ஆளே இல்லை. கோல் அடித்தவனுக்கு ஆதரவாக ஒருவரும் இல்லாத ஊரில் அந்தக் கோலைப் பற்றி இத்தனை சண்டை நடப்பது ஆய்வுக்குரிய விஷயம்.

கொள்கைகள்

முதல் கொள்கை ஐஸ் பிளாண்ட் கொள்கை. இதை நிறுவியவர் பனிக்கட்டி நொறுக்கும் இளைஞர் ஒருவர். அவருடைய வாதம் இது:

"ஏல, கீப்பர் சுவரு கட்டிட்டு நிக்கான். அந்த நேரம் பாத்து அடிக்கது களவாணித்தனம்லா? களவாணி கோலுக்கு நாம எதுக்குல நாலு கோடி குடுக்கணும்?"

இந்தக் கொள்கையின் பலம் அதன் எளிமை. கோல் தவறு, ஆகவே வெளியேறியது சரி, ஆகவே அபராதம் தவறு. ஒரு படி சரிந்தால் மூன்றும் சரியும். அந்தப் படியும் ஆட்டங்காண்பதுதான். கால்பந்து விதி 13இன்படி ஃப்ரீ கிக் பெற்றவன் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற பொது நியதி இல்லை, எதிராளியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தும்படி நடுவர் ஆட்டத்தைப் பிடித்து வைத்தால்தான் காத்திருக்க வேண்டும். அன்று நடுவர் பிடித்து வைத்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விதி 5இன்படி கோலா இல்லையா என்று சொல்லும் கடைசி ஆள் அதே நடுவர். ஐஸ் பிளாண்ட் கொள்கையினர் விதி 13 வரை வருவார்கள். விதி 5 என்றதும் ஐஸ் உடைக்கப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, கிளியரிங் ஆபீஸ் கொள்கை. இவ்வாய்வாளரின் மனம் சாய்ந்திருப்பது இதன் பக்கம்தான். நடுநிலை என்று பொய் சொல்லத் தயாராக இல்லை. துறைமுகத்துக் காகிதங்களில் முப்பது வருஷம் கிடந்த ஒரு கிளார்க் இதன் ஆசிரியர்.

"தம்பி, கோல் வேற கணக்கு. கோடி வேற கணக்கு."

இந்த ஒரு வரியை அவர் விரித்த விதம் அருமையானது. சரக்கு வந்து இறங்குகிறது. கஸ்டம்ஸ் போட்ட வரி அநியாயம் என்று இறக்குமதியாளருக்குப் படுகிறது. அவர் என்ன செய்வார்? கண்டெய்னரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாரா? போனால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அதைப் போர்ட்டும் தள்ளுபடி செய்யாது, கடவுளும் தள்ளுபடி செய்ய மாட்டார். விவரம் தெரிந்தவர் "அண்டர் புரொட்டஸ்ட்" என்று எழுதி வரியைக் கட்டுவார், சரக்கை எடுப்பார், அப்புறம் அபீலுக்குப் போவார். அபீலுக்கும் சும்மா போக முடியாது. கஸ்டம்ஸ் சட்டம் 129ஈ பிரிவின்படி முதல் அபீலுக்கு 7.5 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். கிளார்க் ஒரு பழைய ஷிப்பிங் பில்லின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 4 கோடிக்கு 30 லட்சம். "முப்பது லட்சத்தக் கட்டிட்டுப் பேசு. கட்டாம பேசுறவன் பேச்சு இந்த ரோட்டுல எடுபடாது."

கஸ்டம்ஸ் சட்டம் கால்பந்துக்குப் பொருந்தாதே என்று கேட்டதற்கு, "தூத்துக்குடியில எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல எவராலும் முடியாது.

மூன்றாவது உரையாசிரியர் மரபு. திருநெல்வேலியில் சட்டம் படிக்கும் ஒரு மஞ்சள் சட்டை இதன் முதல்வர். தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஆளுக்கொரு உரை சொன்னதுபோல், சம்மேளனத்தின் ஒழுங்கு விதி 58க்கு இவர் புதிய உரை செய்திருக்கிறார். ஆட மறுக்கும் அல்லது தொடங்கிய ஆட்டத்தைத் தொடர மறுக்கும் அணிக்குக் குறைந்தபட்சம் 6 லட்சம் அபராதம் என்பது விதி. "குறைந்தபட்சம்" என்ற சொல்லில் அவர் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார்.

"மாமா, மினிமம் சார்ஜுன்னு போர்டு வச்சா ஆட்டோக்காரன் மொதல்ல அதத்தான கேக்கணும்? ஆறு லட்சத்துக்கும் நாலு கோடிக்கும் நடுவுல எவ்வளவு கெடக்கு!"

கணக்குப்படி ஏறத்தாழ 67 மடங்கு கிடக்கிறது. இதற்கு நீலச் சட்டைக்காரர் ஒருவர் சொன்ன பதில் இந்தத் துறையில் மைல்கல்:

"மினிமம் சார்ஜு பக்கத்துல எறங்குறவனுக்குல மக்கா. நீங்க கிரவுண்டையே விட்டுல்லா போயிட்டீய."

விசைப்படகுக் கொள்கை ஒன்றும் இருக்கிறது, சுருக்கமானது. காலை 5 மணிக்குமேல் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று 1983ஆம் வருஷச் சட்டத்தின் விதி விசைப்படகைக் கட்டிப்போட்டது. இரவும் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்குகடலுக்கு அனுமதி கேட்டுப் பல வருஷம் பேசியவர்கள் இவர்கள். நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு படகு டிரைவர் சொன்னார்: "கடல்ல எவனாவது நம்ம வலைய அறுத்துட்டா போட்டு நம்பரக் குறிச்சுக்கிடுவோம். கரைக்கு வந்து சங்கத்துல பேசி நஷ்டத்த வாங்குவோம். அறுத்துட்டான்னு பாதிக் கடல்ல தொழில விட்டுட்டு வந்தா, வலையும் போச்சு, மீனும் போச்சு, டீசலும் போச்சு." பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, "அந்தக் கோச்சுக்கு டீசல் காசு தெரியாது போல" என்றார்.

இந்த இடத்தில் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் அபராதம் எப்போதும் வேடிக்கையான சொல்லாக இருப்பதில்லை. எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்ட தருவைக்குளம் மீனவர்களுக்கு 2024இல் இலங்கை நீதிமன்றம் கோடிக்கணக்கான இலங்கை ரூபாயை அபராதமாக விதித்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் 4 கோடியைப் பற்றி டீக்கடையில் யாரும் வாயெடுக்கவில்லை. ஐஸ் பிளாண்ட் இளைஞரும்தான்.

வெளியேறுதலின் வரலாறு

வேலையைப் பாதியில் விட்டு வெளியேறுவது இந்தக் கரைக்குப் புதிது என்று நினைப்பவர் வரலாறு அறியாதவர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். கரையில் நின்று மந்திரம் சொல்வார். அவர் வந்து மந்திரம் சொல்லாமல் குளியாள் எவனும் கடலில் இறங்க மாட்டான். கிறிஸ்தவனாக இருந்தாலும் மாட்டான். வெள்ளைக்கார அரசுக்கு அந்த மந்திரத்தில் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆள் இறங்க வேண்டுமே என்று கடல்கட்டிக்கு அரசே கூலி கொடுத்தது. எடுத்துவரும் சிப்பியிலும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு: சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பது குளித்தவர்கள் வேலை, எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்று சுட்டிக்காட்டுவது அதிகாரி வேலை. எந்தக் குவியல் தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இந்த யோசனை அதோடு ஓய்ந்துபோனது கால்பந்து நிர்வாகத்துக்குப் பெரிய நஷ்டம்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். வ.உ.சி. பின்னால் நின்றார். சில நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. திரேஸ்புரத்துப் பெரியவர் ஒருவர் இதை எடுத்துக்காட்டித்தான் பிளாஸ்டர்ஸ் பக்கம் பேசினார். "வெளிய வந்தாத்தான்யா மொதலாளி பேச வருவான். உள்ளயே கெடந்தா எவன் கேப்பான்?" எதிர்த்துப் பேச எளிதான வாதம் இல்லை இது. ஆனாலும் மில்லில் ஆள் வெளியேறினால் இயந்திரம் நிற்கும், முதலாளிக்கு நஷ்டம். ஆட்டத்தில் ஒரு அணி வெளியேறினால் எதிரணிக்கு லாபம். அதுவும் 20 நிமிடத்தில். கோரல் மில்காரர்கள் கையில் கோரிக்கை இருந்தது, கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று. வுகோமனோவிச் கையில் என்ன இருந்தது? கோலை ரத்து செய் என்பதா, நடுவரை மாற்று என்பதா, நாளைக்கு மறுபடி ஆடலாம் என்பதா? மறுஆட்டம் கேட்டு அணி மனுப் போட்டதெல்லாம் உள்ளே போன பிறகு நடந்தது. அந்த மனுவும் தள்ளுபடியானது.

ஆகவே இவ்வாய்வாளர் கண்ட வேறுபாடு இது: கடல்கட்டி வராமல் இறங்க மறுத்த குளியாளுக்குக் காரியம் நடந்தது, இறங்கிய பிறகு ஏறிப்போன அணிக்குத் தண்டனை வந்தது. மறுப்பவன் கரையிலேயே மறுக்க வேண்டும்.

முன்தீர்ப்புகள்

கொல்கத்தாவிலிருந்து வரும் உதாரணத்தை இரு தரப்பும் கையில் வைத்திருக்கிறது. 2012 டிசம்பர் 9, சால்ட் லேக் மைதானம். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டம். கூட்டத்திலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியைத் தாக்கியது. இரண்டாம் பாதிக்கு மோகன் பகான் இறங்க மறுத்தது. முதலில் இரண்டு சீசன் தடை என்றார்கள். 2013 ஜனவரியில் தடையை எடுத்துவிட்டு 2 கோடி அபராதம், புள்ளிகள் பூஜ்யம் என்று முடித்தார்கள். "கல்லடி பட்டவனுக்கே ரெண்டு கோடி. கோலடி பட்ட நமக்கு நாலா?" என்பது ஐஸ் பிளாண்டின் கேள்வி. "பத்து வருஷத்துல மீன் வெல என்ன ஏறியிருக்கு, அபராதம் மட்டும் ஏறக்கூடாதோ?" என்பது ஏலக்காரர் ஒருவரின் பதில்.

சென்னையின் ரசிகர்களிடம் இருக்கும் உதாரணம் இனிப்பானது. 2015 டிசம்பர் 20, கோவா ஃபட்டோர்டா மைதானம், இறுதிப்போட்டி. கடைசி நிமிடங்களில் 2-1 என்று கோவா முன்னால் நின்றது. கோவா கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு ஒன்று, ஸ்டீவன் மெண்டோசா காலில் பட்டு ஒன்று என்று இரண்டு கோல் விழுந்து, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அதைத் தொடர்ந்த ரகளையில் சென்னையின் எலானோ மீது போலீஸ் வழக்கு வரை போனது. கோவா அணி பரிசளிப்புக்கே வரவில்லை. 2016இல் கோவாவுக்கு 11 கோடி அபராதம், 15 புள்ளி வெட்டு. அபீலில் புள்ளி வெட்டு போனது, தொகையும் குறைந்தது. கோப்பை நம்முடையது, அபராதம் எதிராளியுடையது. ரசிகனுக்கு இதைவிட நிம்மதியான வரவு செலவு வேறு கிடையாது. நீலச் சட்டைக்காரர்கள் அபராதச் சட்டத்தின்மேல் வைத்திருக்கும் பயபக்திக்கு இதுதான் வேர் என்று தோன்றுகிறது.

மான்செஸ்டர் சிட்டி சட்டை போட்ட கல்லூரி மாணவர்கள் இருவர் தாங்களும் இந்த ஆய்வில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். 2020 பிப்ரவரியில் யூஃபா அவர்கள் அணிக்கு 3 கோடி யூரோ அபராதமும் இரண்டு சீசன் தடையும் போட, அதே ஜூலையில் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கி, அபராதத்தை 1 கோடி யூரோவாக்கியது. "வக்கீல் வேணும்ணே, நல்ல வக்கீல்" என்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதி, பிரீமியர் லீக் 2023இல் சாட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைப் பற்றிக் கேட்டதும் எங்கோ போய்விட்டது. பஸ் வந்துவிட்டது என்றார்கள். பஸ் எதுவும் வரவில்லை.

அபீல் என்றால் தொகை குறையும் என்ற நம்பிக்கை இந்த ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே போட்டது இரட்டை ஆயுள், சேர்த்து 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. அந்த ஊர் மக்கள் அபீலை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்? ஆனால் பிளாஸ்டர்ஸ் விஷயத்தில் அபீல் கைகொடுக்கவில்லை. 2023 ஜூனில் சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் குழு தள்ளுபடி செய்தது. லோசான் வரை போனார்கள். அங்கும் 4 கோடி 4 கோடியாகவே நின்றது. அந்த வழக்கின் ஆவணத்திலிருந்து ஒரு செய்தி கசிந்தது: வெளியேறியதற்காக அணி நிர்வாகமே வுகோமனோவிச்சுக்கு 1 கோடி அபராதம் போட்டிருந்ததாம்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஐஸ் பிளாண்ட் இளைஞர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோர்ட்டில் எதிராளி ஜெயித்ததை அவர் தாங்கிக்கொண்டார். தன் கட்சிக்காரனே ரகசியமாக எதிர்க்கட்சி வாதத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். "ஏல, வாக் அவுட்டு" என்று பின்னாலிருந்து ஒரு நீலச் சட்டை கத்தியது.

தூர விதி

மேற்கண்டவற்றிலிருந்து இவ்வாய்வாளர் வகுத்த விதி: கடனை மறுக்கும் வேகம், பணப்பெட்டியிலிருந்து ஆள் இருக்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

சான்று பாருங்கள். செக்கில் கையெழுத்துப் போட வேண்டிய கொச்சி நிர்வாகம் இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டது. அங்கிருந்து மலை தாண்டி ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கும் தூத்துக்குடி இன்னும் கேட்கவில்லை. துபாயில் இருக்கும் ஒரு பழையகாயல்காரர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை டீக்கடையில் ஸ்பீக்கரில் போட முடியாது. பெண்கள் நடமாடும் தெரு. சொந்தப் பணம் போகிறவன் வாயை மூடிக்கொண்டு வக்கீலைப் பார்க்கிறான். போகாதவன்தான் மானத்தைப் பற்றிப் பேசுகிறான்.

விதியின் துணை விதி ஒன்று: கோல் அடித்தால் "அடிச்சோம்" என்பவர்கள் அபராதம் வந்தாலும் "நாம எதுக்குக் கட்டணும்" என்றுதான் கேட்கிறார்கள். ஓடிவிடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ரசிகர்கள் பல கூட்டுறவுச் சங்க இயக்குநர்களைவிட மேலானவர்கள். பொறுப்பைக் கைகழுவுவது இவர்கள் நோக்கமாகத் தெரியவில்லை. பொறுப்பை முழுசாக ஏற்றுக்கொண்டு, தொகையைத்தான் மறுக்கிறார்கள்.

பிற்சேர்க்கை

கட்டுரை முடியும் தறுவாயில் புதிய தரவு ஒன்று வந்து சேர்ந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழாவையொட்டி எழுவர் கால்பந்துப் போட்டி. ரோஸ் கலர் நோட்டீஸில் வழக்கமான வரிகள்: நடுவரின் தீர்ப்பே இறுதியானது, கமிட்டியின் முடிவே முடிவானது. கீழே புதிதாக ஒரு வரி: "ஒவ்வொரு அணியும் ரூ. 500 டெபாசிட் கட்ட வேண்டும். ஆட்டத்தின் பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறும் அணிக்கு டெபாசிட் திருப்பித் தரப்படமாட்டாது." யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

ஐஸ் பிளாண்ட் இளைஞரின் அணி அரையிறுதியில் ஆடியது. ஒரு கோல் ஆஃப்சைடா இல்லையா என்று தகராறு வந்தது. ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கோட்டைத் தாண்டவில்லை. சென்டர் வட்டத்துக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். விசில் அடித்தும் எழுந்திருக்கவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டி எதிரணிக்கு வெற்றியைக் கொடுத்து, 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டது.

அந்த அணியின் கோல் கீப்பர் நம் கிளியரிங் ஆபீஸ் கிளார்க்கின் மகன். மறுநாள் காலை கமிட்டி மேசைக்கு முன்னால் கிளார்க்கே நின்றார்.

"அண்ணாச்சி, நோட்டீஸப் படிங்க. வெளியேறும் அணின்னு போட்டிருக்கு. பயலுக வெளியேறுனானுவளா? கப்பல் அவுட்டர்ல நங்கூரம் போட்டு நிக்கதும் போர்ட்ட விட்டுப் போறதும் ஒண்ணா?"

கமிட்டித் தலைவரும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். அவர் அசரவில்லை. "சரி தம்பி, போகல. நின்னாங்க. அப்ப இருட்டுற வர நின்னதுக்கு டெமரேஜ் போட்டுக்கிடுதோம். அது ஐந்நூறுக்கு மேல வரும், பரவாயில்லையா?"

"கோல் வேற கணக்கு, கோடி வேற கணக்கு" என்ற கொள்கையை யாரோ கிளார்க்குக்கு நினைவூட்டினார்கள். அது வேற விஷயம் என்றார். பணப்பெட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு இவ்வளவு வேகமாகப் பேசியது தூர விதிக்கு முரணாகத் தோன்றலாம். விதியில் பிழை இல்லை. தரவுதான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை.

கிளார்க் விடவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார், நோட்டீஸின் முதுகில் கணக்குப் போட்டார், 500க்கு 7.5 சதவீதம், 37 ரூபாய் 50 காசை முன்பணமாக மேசையில் வைத்து அபீல் மனுவை நீட்டினார். ஐம்பது காசு இப்போது செல்லாது என்று சொல்லிக் கமிட்டி மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது. செல்லும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் அறிவிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.